ஃபேட், டிகிரி, விலை: பால் கணக்கை வைத்து பிஎச்பியில் ஆப்ஜெக்ட் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. தென்னந்தோப்பும் கறவை மாடும்தான் பலருக்குப் பிழைப்பு. எல்லைக்கு இந்தப் பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவருக்கு கேரளக் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மாவின் விலைச் சார்ட். கொஞ்ச தூரம் கிழக்கே போய்ப் பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றினால் தமிழ்நாட்டின் ஆவினின் சார்ட். மாடு ஒரே மாதிரி, தீவனமும் ஒரே கடையில் வாங்கியதாக இருக்கலாம். சீட்டில் விழும் தொகை மட்டும் வேறு. இந்த ஊர்களிலிருந்து பிசிஏ, டிப்ளமோ என்று படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, இணையப் பக்கங்கள் எழுத உதவும் பிஎச்பி என்ற கணினி மொழியில் ஆப்ஜெக்ட் முறையை, அதாவது விவரத்தையும் அதைக் கையாளும் கணக்கையும் ஒரே பொருளாகக் கட்டி எழுதும் வழியைச் சொல்லித்தர இந்தச் சீட்டைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் பாடத்தில் வரும் உதாரணங்கள் வேறு வகை. விலங்கு என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு), அதிலிருந்து நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். அப்புறம் நான்கு பெரிய பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதச் சொல்வார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த மாணவர் வெளியே வந்து ஒரு சொசைட்டிக்கு பில் போடும் பக்கம் எழுத உட்கார்ந்தால் நாயும் பூனையும் உதவிக்கு வராது. ஆப்ஜெக்ட் முறை பதில் சொல்ல வரும் கேள்வி ஒன்றுதான்: ஒரு விதி புரோகிராமில் எங்கே இருக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு? கிளாஸ், இன்டர்ஃபேஸ், ப்ரைவேட் எல்லாமே அந்தக் கேள்வியின் துணைக்கு வந்தவை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பால் கொண்டுவந்ததும் அளக்கிறார்கள். ஃபேட், அதாவது கொழுப்பு, எவ்வளவு என்று டெஸ்ட் பார்க்கிறார்கள். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி எடுக்கிறார்கள். ஃபேட்டையும் டிகிரியையும் வைத்து எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று வரும். டிகிரியில் நாலில் ஒரு பங்கு, அதோடு ஃபேட்டில் ஒரு சிறு பங்கு, அதோடு ஒரு நிலையான எண் என்பது வழக்கமான சூத்திரம். அந்த நிலையான எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, 0.36 போடுகிறவர்களும் உண்டு, 0.44 போடுகிறவர்களும் உண்டு. இப்போது பல இடங்களில் அனலைசர் மெஷினே எஸ்.என்.எஃப்பைக் காட்டிவிடுகிறது. பிறகு ஃபேட் ஒரு பக்கமும் எஸ்.என்.எஃப் ஒரு பக்கமும் உள்ள சார்ட்டில் லிட்டர் விலையைப் பார்த்து, அளவால் பெருக்கினால் தொகை.

இதை பிஎச்பியில் நேராக எழுதினால் எப்படி இருக்கும்? பால் பதிவு செய்யும் பக்கத்தில் ஒரு பெருக்கல். சீட்டு அச்சிடும் பக்கத்தில் அதே பெருக்கல். பத்து நாள் பில் போடும் பக்கத்தில் இன்னொரு தடவை. மாதக் கணக்கு ரிப்போர்ட்டில் மறுபடியும். எல்லாம் சரியாக ஓடும். விலை மாறும் நாள் வரைக்கும் பிரச்சினை தெரியாது. மாறியதும் நாலு பக்கத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சீட்டில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை. அது கம்ப்யூட்டர் பிழை என்று யாரும் சமாதானமாகப் போக மாட்டார்கள். சொசைட்டி வாசலில் செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் கோட் துண்டு, போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து நாலு பக்கமும் அதையே கூப்பிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரே ஒரு பக்கம் உள்ள சின்ன வேலைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். சிக்கல் மீதிக் கால்வாசியில் இருக்கிறது. அந்த ஃபங்ஷனுக்குள் போகும் விவரம் பெரும்பாலும் ஒரு அர்ரே, அதாவது ஒவ்வொரு சாவிச் சொல்லுக்கும் ஒரு மதிப்பு வைக்கும் பட்டியல். அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப் என்று மூன்று சாவிச் சொல். அந்த அர்ரேயில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். கொழுப்பு 3.9 என்பதற்குப் பதில் புள்ளி விழாமல் 39 என்று அடித்தாலும் அர்ரே வாங்கிக்கொள்ளும். எழுத்துப் பிழையோடு புதுச் சாவி ஒன்றைத் திறந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு வலி உண்டு. பிஎச்பியில் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழியின் இலக்கணம் அதை அனுமதிக்கிறது. $கொழுப்பு என்பது முறையான மாறிப் பெயர். அர்ரே சாவியையும் அப்படியே தமிழில் வைக்கலாம். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எனவே 'கொழுப்பு' என்ற சொல் முதல் விதத்தில் 24 பைட், இரண்டாவது விதத்தில் 27 பைட். பிஎச்பி பைட்டை வைத்துத்தான் ஒப்பிடும். ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்த 'கொழுப்பு'ம், பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிய 'கொழுப்பு'ம் அர்ரேயில் இரண்டு வேறு சாவிகளாக உட்கார்ந்துவிடலாம். கண்ணால் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

சரி, கிளாஸுக்கு வருவோம்.

பால்பதிவு என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். அதற்கு அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப், தேதி, வேளை என்று ப்ராப்பர்ட்டிகள், அதாவது தனக்குள் வைக்கும் விவரங்கள், உண்டு என முன்கூட்டியே அறிவிக்கிறோம். ஒவ்வொன்றும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று வகையையும் சொல்லிவிடுகிறோம். ப்ராப்பர்ட்டிக்கு வகை சொல்லும் வசதி 2019-இல் பிஎச்பி 7.4-இல் வந்தது. அப்புறம் கன்ஸ்ட்ரக்டர். நியூ என்ற சொல்லைப் போட்டு ஆப்ஜெக்ட் ஒன்றை உண்டாக்கும் நொடியில் ஓடுவது அதுதான். அதற்குள் சோதனை வைக்கலாம்: அளவு பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா, கொழுப்பு நம்பக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை எறிந்துவிடும், ஆப்ஜெக்ட் பிறக்காது. கொழுப்பு 39 உள்ள பால்பதிவு என்று ஒன்று அந்தப் புரோகிராமுக்குள் எங்கேயும் இருக்க முடியாது. சீட்டு அடிக்கும் பக்கம், பில் பக்கம், ரிப்போர்ட் பக்கம் எதிலும் இந்தச் சோதனையைத் திரும்ப எழுத வேண்டாம். கையில் ஒரு பால்பதிவு இருக்கிறது என்றாலே அது சோதனையில் தேறியது என்று அர்த்தம்.

ஆப்ஜெக்ட் முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாடப் புத்தகம் இதற்கு வைக்கும் பெயர் என்கேப்சுலேஷன், 'விவரத்தை மறைத்தல்' என்று ஒரு வரி விளக்கம். மறைப்பது இங்கே சின்ன விஷயம். பொய்யான விவரம் உள்ளே வர வழியில்லாமல் செய்வதுதான் பெரிய விஷயம். ப்ரைவேட் என்று போட்டால் கிளாஸுக்கு வெளியிலிருந்து யாரும் அந்த ப்ராப்பர்ட்டியைத் தொட முடியாது. 2021-இல் பிஎச்பி 8.1 ரீட்ஒன்லி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தடவை மதிப்பு வைத்தால் அதோடு சரி, பிறகு மாற்ற முடியாது. காலையில் டெஸ்ட் பார்த்து எழுதிய ஃபேட்டைச் சாயங்காலம் யாரும் மாற்றக்கூடாது என்பது சொசைட்டியின் விதி. அதையே புரோகிராமின் விதியாகவும் இந்த ஒரு சொல் ஆக்கிவிடுகிறது.

எழுத்துப் பிழைக்கும் இங்கே தண்டனை உண்டு. 2020-இல் வந்த பிஎச்பி 8.0-இல் கன்ஸ்ட்ரக்டருக்குப் பெயர் சொல்லி மதிப்பு கொடுக்கலாம். இல்லாத பெயரைச் சொன்னால் உடனே பிழை. அறிவிக்காத ப்ராப்பர்ட்டி ஒன்றில் மதிப்பு எழுதினால் முன்பெல்லாம் பிஎச்பி சத்தமில்லாமல் அதைப் புதிதாக உண்டாக்கிவிடும். 8.2-இலிருந்து அது எச்சரிக்கை கொடுக்கிறது. 24 பைட் கொழுப்பும் 27 பைட் கொழுப்பும் குழம்பினால் இப்போது கையும் களவுமாகப் பிடிபடும்.

கணக்கு எங்கே போகிறது? அதே கிளாஸுக்குள், தொகை என்ற மெத்தடாக, அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனாக. கூப்பிடும் வரி இப்படி இருக்கும்:

$பதிவு->தொகை($சார்ட்)

மேலே உள்ளது பிஎச்பி ஏற்றுக்கொள்ளும் உண்மையான கோட். நாலு பக்கமும் இதைத்தான் கேட்கும். தொகை எப்படி வந்தது என்று எந்தப் பக்கத்துக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பிஎச்பிக்கு இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்தின் தேவைக்காக எழுதிய சில சின்னக் கருவிகள்தான் ஆரம்பம். இஸ்ரேலில் மாணவர்களாக இருந்த ஆண்டி குட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும் மொழியின் அடித்தளத்தைத் திரும்ப எழுத, 1998-இல் பிஎச்பி 3 வெளிவந்தது. கிளாஸ் என்ற சொல் அதில்தான் நுழைந்தது. ஆனால் அது ஒரு அர்ரேயும் சில ஃபங்ஷன்களும் சேர்ந்த மூட்டை என்ற அளவில்தான் இருந்தது. ப்ரைவேட் கிடையாது, இன்டர்ஃபேஸ் கிடையாது. 2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்தபோதுதான் இவையெல்லாம் ஒரேயடியாக வந்தன. ஆப்ஜெக்ட் முறையோ அதற்கும் மிகப் பழையது. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1960-களில் உருவாக்கிய சிமுலா மொழியில் கிளாஸும் ஆப்ஜெக்டும் இருந்தன. வரிசையில் நிற்பதும் காத்திருப்பதும் போன்ற நிஜ உலக நடப்பைக் கணினியில் நடத்திப் பார்ப்பது அவர்களுடைய நோக்கம். 1970-களில் ஸ்மால்டாக் மொழியை முன்னெடுத்த ஆலன் கே, ஆப்ஜெக்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திதான் முக்கியம் என்று பிற்காலத்தில் வலியுறுத்தினார். அவர் சொன்னதை நம் சீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், பதிவிடம் 'உன் தொகை என்ன?' என்று கேட்பது செய்தி. பதிவின் உள்ளே கைவிட்டு ஃபேட்டையும் அளவையும் எடுத்து நாமே பெருக்குவது அந்த வழி அல்ல.

பிஎச்பி 5-இல் நடந்த இன்னொரு மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றாட வேலையில் அதிகப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. பிஎச்பி 4-இல் ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் முழு நகல் எடுக்கப்படும். பிஎச்பி 5-இலிருந்து நகல் எடுப்பதில்லை. இரண்டு மாறியும் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி என்று வைத்துக்கொள்ளலாம். அர்ரேவுக்கு இன்றைக்கும் பழைய நடைமுறைதான், கொடுத்தால் நகல். இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

பத்து நாள் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத் தேதி ஜூன் 1. முடிவுத் தேதிக்கு அதோடு 9 நாள் கூட்ட வேண்டும். பிஎச்பியின் டேட்டைம் என்ற கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கி $தொடக்கம் என்று வைக்கிறோம். அடுத்த வரியில் $முடிவு = $தொடக்கம். அதற்கடுத்த வரியில் $முடிவு-இல் 9 நாள் கூட்டுகிறோம். இப்போது $முடிவு ஜூன் 10. $தொடக்கமும் ஜூன் 10! பில்லில் ஒரே ஒரு நாள் பால்தான் வரும். எந்த வரியிலும் பிஎச்பி பிழை காட்டாது, அதன் கணக்குப்படி எல்லாம் சரி. குளோன் என்ற சொல்லைப் போட்டு நகல் எடுப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி 2013-இல் பிஎச்பி 5.5-இல் வந்த டேட்டைம்இம்யூட்டபிள். அதில் நாள் கூட்டினால் பழைய ஆப்ஜெக்ட் அப்படியே இருக்கும், கூட்டிய தேதியோடு புது ஆப்ஜெக்ட் ஒன்று திரும்பி வரும். தேதி வரும் இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதையே பயன்படுத்துங்கள் என்பதுதான் என் பரிந்துரை. நம் பால்பதிவை ரீட்ஒன்லி ஆக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். மாறாத ஆப்ஜெக்டை எத்தனை பேர் கையில் கொடுத்தாலும் பயமில்லை.

இனி சார்ட்டுக்கு வருவோம். எல்லை ஊரின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளைக்க வைக்கும் இன்ஹெரிட்டன்ஸ் படித்த கையோடு ஒருவருக்குத் தோன்றுவது இதுதான்: பால்பதிவு தாய் கிளாஸ், அதிலிருந்து கேரளப் பதிவு, தமிழ்நாட்டுப் பதிவு என்று இரண்டு பிள்ளைகள். பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் வேறு விலை என்றால் நாலு. காலை வேளைக்கும் மாலை வேளைக்கும் ஏதாவது வித்தியாசம் வந்தால் எட்டு. நாளைக்கு ஒரு தனியார் பால் கம்பெனியும் வந்து சேர்ந்தால் பன்னிரண்டு. வித்தியாசம் ஒன்று கூடும்போதெல்லாம் கிளாஸ்கள் பெருகிக்கொண்டே போகும். பிஎச்பியில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு தாய்தான் என்பதால் குறுக்கே இணைக்கவும் முடியாது.

யோசித்துப் பார்த்தால், எல்லை தாண்டும்போது பால் மாறுவதில்லை. லிட்டர் அதே லிட்டர், ஃபேட் அதே ஃபேட். மாறுவது விலை சொல்லும் ஆள். ஆகவே தனியாகப் பிரிக்க வேண்டியது அந்த ஆளைத்தான். விலைச்சார்ட் என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுகிறோம். அதில் கோட் எதுவும் இருக்காது. 'கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் கொடுத்தால் லிட்டர் விலை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்' என்ற ஒரே ஒரு நிபந்தனை. மில்மாசார்ட் ஒரு கிளாஸ், ஆவின்சார்ட் ஒரு கிளாஸ். இரண்டும் அந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடுகின்றன, இம்ப்ளிமென்ட்ஸ் என்ற சொல்லால். உள்ளே ஒன்று பட்டியலைப் பார்த்து விலை சொல்லட்டும், இன்னொன்று சூத்திரத்தால் கணக்குப் போடட்டும், அது அவரவர் பாடு. மேலே பார்த்த $பதிவு->தொகை($சார்ட்) என்ற வரியில் எந்தச் சார்ட்டை வைத்தாலும் அது ஓடும். பால்பதிவு கிளாஸில் கேரளா என்ற சொல்லும் இல்லை, தமிழ்நாடு என்ற சொல்லும் இல்லை.

பாலிமார்ஃபிசம் என்று பெரிதாகச் சொல்வது இவ்வளவுதான். சீட்டு அச்சிடுவதற்கும் இதே வழி. பாலக்காட்டுச் சொசைட்டியில் மலையாளத்தில் சீட்டு வரும். பால் ஊற்றும் அம்மாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சீட்டெழுதி என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதன் கீழ் மலையாளச் சீட்டெழுதி ஒன்று, தமிழ்ச் சீட்டெழுதி ஒன்று. பால் ஊற்றுகிறவரின் கணக்கில் அவருக்கு எந்த மொழி வேண்டும் என்று குறித்துவைத்தால் போதும், அவரவர் மொழியில் சீட்டு கிடைக்கும். ஒரே தாளில் இரண்டு மொழியும் வேண்டுமென்றால் அந்த இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கூப்பிடும் மூன்றாவது சீட்டெழுதி. இதற்கு இன்ஹெரிட்டன்ஸ் தேவைப்படவே இல்லை பாருங்கள். வெப் வேலையில் தாய்-பிள்ளை உறவு உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் குறைவு. ஆயத்தக் கோட் தொகுப்பான ஃபிரேம்வொர்க் கொடுக்கும் கிளாஸை நீட்டி எழுதும்போது, அல்லது எக்ஸெப்ஷன் வகைகளைப் பிரிக்கும்போது அது சரியாகப் பொருந்தும். மற்றபடி 'இது அதன் வகை' என்பதைவிட 'இது அதை வைத்திருக்கிறது' என்று யோசிப்பதே பெரும்பாலும் நல்லது. 2012-இல் வந்த ட்ரெய்ட் என்ற வசதியும் உண்டு. ஒரே மெத்தடைப் பல கிளாஸ்களில் ஒட்ட உதவும். ஆரம்பத்தில் அதைத் தள்ளியே வையுங்கள்.

இன்டர்ஃபேஸால் பிடிக்க முடியாத பிழையும் உண்டு. மில்மாசார்ட் லிட்டர் விலையை ரூபாயில் திருப்பித் தருகிறது, ஆவின்சார்ட்டை எழுதியவர் பைசாவில் திருப்பித் தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் எண்தான். பிஎச்பிக்கு இரண்டும் ஒன்று. பில் நூறு மடங்காகிவிடும். ஒரு வகையின் இடத்தில் அதன் கிளை வகையை வைத்தால் புரோகிராமின் நடத்தை கெடக்கூடாது என்று பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் உரையில் சொன்னார். அந்தக் கொள்கைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மெத்தடின் வடிவம் பொருந்துகிறதா என்பதை பிஎச்பி பார்த்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் ஓடவே விடாது. அர்த்தம் பொருந்துகிறதா என்று பார்ப்பது எழுதுகிறவரின் வேலை.

ஆனால் அர்த்தத்தையும் ஓரளவு வகைக்குள் கொண்டுவரலாம். பணம் என்று ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். உள்ளே ஒரே ஒரு ப்ராப்பர்ட்டி, பைசாவில் முழு எண். விலைச்சார்ட் இனி வெறும் எண்ணைத் தராது, பணம் ஆப்ஜெக்டைத்தான் தரும் என்று இன்டர்ஃபேஸில் எழுதிவிட்டால் ரூபாய்-பைசாக் குழப்பம் அந்த ஒரு கிளாஸின் வாசலிலேயே நின்றுவிடும். ரூபாயைப் புள்ளி எண்ணாக வைப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 0.1-ஐயும் 0.7-ஐயும் கூட்டி, 10-ஆல் பெருக்கி, ஃப்ளோர் ஃபங்ஷனால் கீழ்நோக்கி முழுமையாக்கினால் 8 வர வேண்டும். பிஎச்பியில் 7 வரும். இது பிஎச்பியின் குறை அல்ல. இரும எண் முறையில் 0.1, 0.7 போன்றவற்றைத் துல்லியமாக எழுத முடியாது என்பதால் பெரும்பாலான மொழிகளிலும் வரும் சங்கதி. ஒரு சீட்டில் பத்து பைசா குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு வேளை, வருஷம் முழுக்க, சொசைட்டியில் உள்ள எல்லோருக்கும் என்று கூட்டிப் பாருங்கள். அது மாடு வளர்க்கிறவரின் காசு. எங்கே முழுமையாக்க வேண்டும், மேலேயா கீழேயா என்ற விதி பணம் கிளாஸுக்குள் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

ஜாவா படித்துவிட்டு பிஎச்பிக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான பிஎச்பி சர்வரில் ஆப்ஜெக்டுகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. பிரவுசரிலிருந்து ஒரு கோரிக்கை வந்ததும் ஸ்கிரிப்ட் புதிதாகத் தொடங்கும். பக்கத்தை அனுப்பி முடித்ததும் அதில் பிறந்த ஆப்ஜெக்டுகள் அனைத்தும் அழிந்துவிடும். காலையில் உண்டாக்கிய பால்பதிவு ஆப்ஜெக்ட் மத்தியானம் பில் போடும்போது நினைவகத்தில் காத்திருக்காது. அதன் விவரம் டேட்டாபேஸில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரியைப் படித்து ஆப்ஜெக்டைத் திரும்ப உண்டாக்க வேண்டும். கிளாஸுக்கே பொதுவான ஸ்டாட்டிக் மாறியில் வைத்தாலும் அடுத்த கோரிக்கைக்கு அது மிஞ்சாது. விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் புது வகை பிஎச்பி சர்வர்களும் வந்திருக்கின்றன, ஆனால் சாதாரண ஹோஸ்டிங்கில் இதுதான் நிலை.

இதிலிருந்து ஒரு நல்ல கேள்வி பிறக்கிறது. ஜூன் மாதத்துப் பதிவை ஆகஸ்டில் திறக்கிறோம். இடையில் ஜூலையில் விலை மாறிவிட்டது. இப்போது தொகை கேட்டால் எந்தச் சார்ட்? புதுச் சார்ட்டை வைத்தால் ஏற்கெனவே பட்டுவாடா ஆன பில்லோடு ஒத்துப்போகாது. ஆக, சார்ட்டுக்கு 'எந்தத் தேதியிலிருந்து' என்ற விவரம் வேண்டும். ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்கு நடப்பில் இருந்த சார்ட்டை எடுத்துத் தரும் பொறுப்பு யாருக்காவது வேண்டும். பால்பதிவுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது, அதற்கு மற்ற சார்ட்டுகள் இருப்பதே தெரியக்கூடாது. சார்ட்டுக்கும் கொடுக்கக்கூடாது, அதற்குத் தன் விலை மட்டும்தான் தெரியும். சார்ட்தொகுப்பு என்று மூன்றாவது ஒரு கிளாஸ் வருகிறது. தேதியை வாங்கிக்கொண்டு சரியான சார்ட்டைத் தருவது மட்டும் அதன் வேலை. இப்படி ஒரு பொறுப்புக்கு இடம் தேடும்போது பிறக்கும் கிளாஸ்தான் நிலைத்து நிற்கும். டேட்டாபேஸில் டேபிள் இருக்கிறதே என்று டேபிளுக்கு ஒரு கிளாஸ் எழுதி, ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு கெட், ஒரு செட் என்று மெத்தட் வைத்துக்கொண்டே போனால் பழைய அர்ரேயைச் சுற்றி வளைத்து எழுதியதாகத்தான் ஆகும்.

ஏற்கெனவே நேராக எழுதி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை என்ன செய்வது? மொத்தமாகக் கலைத்துத் திரும்ப எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணத்தில் தொடங்குங்கள், சின்ன கிளாஸ், யாரையும் சார்ந்திருக்காது, பலன் உடனே தெரியும். பிறகு விலைச்சார்ட். அதை வெளியே எடுத்ததும் நாலு பக்கத்தில் சிதறிக்கிடந்த பெருக்கல்கள் தாமாகக் கண்ணில் படும். பால்பதிவைக் கடைசியாக எடுக்கலாம். வேர்ட்பிரஸ் போன்ற பெரிய பிஎச்பி மென்பொருளிலேயே ஃபங்ஷனும் கிளாஸும் பல வருஷங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கும் அந்த இன்டர்ஃபேஸ்தான் கைகொடுக்கிறது. சோதனைச்சார்ட் என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமல் எப்போதும் லிட்டருக்கு 40 ரூபாய் என்றே சொல்லும் சார்ட் அது. 12.5 லிட்டர் பால்பதிவு ஒன்றை உண்டாக்கி இந்தச் சார்ட்டைக் கொடுத்துத் தொகை கேளுங்கள். 500 ரூபாய், அதாவது பணம் கிளாஸுக்குள் 50000 பைசா வர வேண்டும். வந்தால் பதிவின் கணக்கு சரி. இனி வித்தியாசம் ஏதாவது வந்தால் சார்ட்டில் மட்டும் தேடினால் போதும். கொழுப்பு 39 கொடுத்து எக்ஸெப்ஷன் வருகிறதா என்று இன்னொரு சோதனை, ஜூலையில் விலை மாற்றி ஜூன் பில் மாறாமல் நிற்கிறதா என்று மற்றொன்று. இவற்றைத் தானாக ஓட்டிப் பார்க்க பிஎச்பியூனிட் என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது.